பிரேக் இல்லாத வண்டி

புல் வெட்டும் ஜீரோ டர்ன் மோவரில் ஏறி உட்கார்ந்தால் கைக்கு ஸ்டியரிங் அகப்படாது. அது எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தானே வாங்குகிறோம். காலுக்கு பிரேக்கும் அகப்படாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பார்க்கிங் பிரேக் என்று ஒன்று இருக்கும். நின்ற வண்டியை நின்ற இடத்தில் பிடித்துவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஓடுகிற வண்டியைத் திருப்புவது, நிறுத்துவது, வேகம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் மடிக்கு மேல் நீண்டிருக்கும் அந்த இரண்டு லீவர்களின் பொறுப்பு. லீவர்களின் பேச்சைக் கேட்பவை பின் சக்கரங்கள் இரண்டு மட்டும். முன் சக்கரங்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரங்கள் மாதிரி, இழுத்த பக்கம் போகும். சொந்த புத்தி கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்த வண்டியைப் பற்றிய முக்கால்வாசி எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கிவிடும் என்பது என் கட்சி. கூடவே இன்னொன்றும். மேனுவலில் 'பாதுகாப்பு' முதலில் வரும், 'பராமரிப்பு' கடைசியில் வரும். முதலாவது பயந்தவர்களுக்கு, கடைசி சிக்கனக்காரர்களுக்கு என்று ஒரு நினைப்பு நமக்கு. ஓட்டமும் திருப்பமும் பிரேக்கும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிற வண்டியில் அப்படிப் பிரிக்க வழியில்லை. டயரில் காற்று குறைந்தால் பிரேக் குறைகிறது என்றுதான் கணக்கு.

இப்படி ஒரு வண்டி ஏன் வந்தது என்று கேட்டால், மரத்தைச் சுற்றி வெட்டுவதற்காக. 1960களில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரீகியர் என்பவர் உருவாக்கிய வடிவம்தான் இன்றைய ஜீரோ டர்ன்களுக்கு முன்னோடி. ஹஸ்லர் என்ற பெயரில் அதே மாநிலத்தின் ஹெஸ்டன் ஊரில் தயாரானது. இன்றைய வண்டிகளின் அமைப்பு இதுதான். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ஹைட்ராலிக் பம்ப், ஒரு மோட்டார். இடது லீவரைத் தள்ளினால் இடது சக்கரம் முன்னே உருளும். இழுத்தால் பின்னே உருளும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் எண்ணெய் ஓட்டம் நின்று சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பிரேக் என்று இந்த வண்டியில் இருப்பது இந்த எண்ணெய்ப் பூட்டுதான். சமதளத்தில் இது அற்புதமாக வேலை செய்கிறது. ஒரு மர வேலியின் தூணைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் இந்த வண்டி வளைந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், குற்றம் சொல்ல முடியாது.

சரிவில்தான் கதை மாறுகிறது. காரில் பிரேக் அடித்தால் எடை முன்னுக்குச் சாயும். அதற்கு ஏற்பத்தான் காரின் முன் பிரேக்குகளைப் பெரிதாக வைக்கிறார்கள். ஜீரோ டர்ன் சரிவில் இறங்கும்போதும் எடை முன்னுக்குத்தான் சாய்கிறது. ஆனால் முன்னால் இருப்பவை பிரேக்கே இல்லாத தள்ளுவண்டிச் சக்கரங்கள். பிரேக் இருக்கும் பின் சக்கரங்களில் எடை குறைந்து, அவற்றின் பிடி தளர்கிறது. பனி ஈரத்தில் டயர் லேசாக வழுக்குகிறது. பதறிப்போய் இரண்டு லீவரையும் பின்னால் இழுக்கிறோம். பூட்டிக்கொண்ட சக்கரம், அல்லது பின்பக்கமாகச் சுழல ஆரம்பித்த சக்கரம், இருந்த கொஞ்சப் பிடியையும் விட்டுவிடுகிறது. பிடி போனதும் பிரேக் போயிற்று, அதோடு திருப்பும் வசதியும் போயிற்று, ஏனென்றால் இரண்டும் ஒரே டயரில்தான் இருந்தன. இனி வண்டி எங்கே போகும் என்று முடிவு செய்வது சரிவுதான். பழைய பாணி ரைடிங் டிராக்டரில் பின் சக்கரம் வழுக்கினாலும் முன் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு திசை மாற்றலாம். இதில் அந்த மிச்சம்கூட இல்லை. இந்த நேரத்தில் மேனுவல்கள் சொல்லும் யோசனை மனசுக்கு நேர் எதிரானது: பிளேடை அணை, சக்கரத்தை உருளவிட்டபடி மெதுவாக நேரே கீழே இறங்கிவிடு. உருளுகிற டயரில்தான் கொஞ்சமாவது பிடி இருக்கும். ஆனால் கீழே குளமோ தடுப்புச்சுவரின் விளிம்போ இருந்தால் நேரே இறங்குவது எப்படி? அங்கே இந்த வண்டியைக் கொண்டுபோயிருக்கவே கூடாது. விளிம்புகளிலிருந்து வண்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளியே ஓட்டச் சொல்கிறார்கள். மிச்சப் பட்டையை நடந்து தள்ளும் மோவரோ கயிற்று டிரிம்மரோ பார்த்துக்கொள்ளட்டும்.

"மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, சைக்கிளைவிட மெதுவு, இதற்கு இவ்வளவு பயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேகத்தை வைத்து ஆபத்தை அளப்பது சாலைப் பழக்கம். இங்கே எடையை வைத்து அளக்க வேண்டும். வீட்டு உபயோக மாடலே 300, 400 கிலோ வரும்; தொழில்முறை மாடல்கள் அரை டன்னைத் தாண்டும். அது கவிழ்ந்து மேலே விழுந்தால் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தது என்பது பெரிய விஷயமில்லை. ரைடிங் மோவர்கள், தோட்ட டிராக்டர்கள் இரண்டையும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 75 பேர் இறக்கிறார்கள், சுமார் 20,000 பேர் காயமடைகிறார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் குழந்தை. புல் வெட்டுகிற வேலைக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

அப்படியானால் எவ்வளவு சரிவு வரை ஓட்டலாம்? பெரும்பாலான மேனுவல்கள் 15 டிகிரியை உச்சவரம்பாக வைக்கின்றன, சில 10 டிகிரியிலேயே நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண்தான் உங்களுக்குச் செல்லும். அந்த எண்ணும் காய்ந்த புல்லுக்குச் சொன்னது. சிக்கல் என்னவென்றால் 15 டிகிரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. கண் எப்போதும் தப்பாகத்தான் சொல்லும். வராந்தாவில் நின்று பார்த்தால் எல்லாச் சரிவும் சாதுவாகத் தெரியும். ஒரு நேரான 4 அடி மரப்பலகையும் ஒரு ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்தில் தரையில் ஊன்றி, மறுமுனையை ரசமட்டக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் நடுவே எட்டரை அங்குலம் இருந்தால் 10 டிகிரி. 13 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 15. செல்போனிலேயே சாய்மானி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அதையும் புல்மேல் வைக்காமல், சரிவில் கிடத்திய பலகைமேல் வைத்துத்தான் அளக்க வேண்டும். தோட்டத்தின் மிகச் செங்குத்தான இடத்தில் அளவெடுப்பதுதான் முக்கியம். சராசரி எடுத்துப் பயனில்லை, வண்டி சராசரியில் கவிழ்வதில்லை. திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. நடந்து தள்ளும் மோவரைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்வார்கள், கால் வழுக்கினாலும் பிளேடுக்கு அடியில் போகாது என்பதால். உட்கார்ந்து ஓட்டும் வண்டியைப் பொதுவாக மேலும் கீழுமாக ஓட்டச் சொல்வார்கள், குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழும் என்பதால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆட்சேபம் அனுபவசாலிகளுடையது: "இதே தோட்டத்தை இதே வண்டியில் பல வருஷமாக வெட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை." தோட்டம் அதே தோட்டம்தான், ஆனால் வண்டி அதே வண்டி இல்லை. முதல் வருஷம் டயரில் பூ இருந்தது, இப்போது வழவழப்பாகிவிட்டது. போன இலையுதிர் காலத்தில் பின்னால் புல் சேகரிக்கும் பைகளை மாட்டினீர்கள்; பின் அச்சுக்கும் பின்னால் எடை தொங்குவதால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கப் பார்க்கும், அதற்கென்றே தயாரிப்பாளர் முன்னால் எடைக்கட்டி வைக்கச் சொல்கிறார். அதை யார் வைத்தார்கள்? ஹைட்ராலிக் எண்ணெய் மாற்றிய நாள் நினைவில்லை. நேற்று இரவு ஸ்பிரிங்க்ளர் ஓடியது. இவற்றில் எதுவும் தனியாக வண்டியைக் கவிழ்க்காது. ஆனால் ஒவ்வொன்றும் அதே சரிவில் உங்களுக்கு இருந்த உபரிப் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றும் ஆனதில்லை என்ற அனுபவத்தில், அந்த உபரி இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற தகவல் இல்லை.

ஆகவே பராமரிப்பை டயரிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். இந்த டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு. பல மாடல்களில் பின் டயருக்கு 10 முதல் 15 பிஎஸ்ஐதான். காரில் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. 12 இருக்க வேண்டிய டயரில் 3 குறைந்தால் கால்வாசி போயிற்று. பெட்ரோல் பங்கின் அளவுமானியை நம்பாமல் குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் சின்ன மானியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இடது டயரும் வலது டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பிளேடுகளை மூடியிருக்கும் தட்டான டெக் சாயும், புல்லில் ஒரு பக்கம் மொட்டையடித்த மாதிரி கோடு விழும். அந்தக் கோட்டை அழகுப் பிரச்சினையாக நினைத்து பிளேடைத் தீட்டுபவர்கள் உண்டு. காற்றைப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். டயருக்கு அடுத்தது ஹைட்ராலிக் எண்ணெய். முதல் மாற்றத்துக்கு ஒரு மணிக்கணக்கு, அதற்கப்புறம் நீண்ட இடைவெளிக்கு ஒரு கணக்கு என்று மேனுவலில் இருக்கும். பிரேக் என்பதே அந்த எண்ணெய்தான் என்று ஏற்றுக்கொண்டால் அதைத் தள்ளிப்போட மனசு வராது. எண்ணெய் மாற்றியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சக்கரம் தாமதமாகக் கீழ்ப்படியும். இன்ஜின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்குப் பின்னால் பைபாஸ் லீவர்கள் இருக்கும். அவற்றைத் திறந்தால் எண்ணெய்ப் பூட்டு விடுபடும், அதாவது பிரேக் அறவே இல்லாத நிலை. சமதளத்தில் தவிர வேறெங்கும் திறக்கக் கூடாது, திறந்ததை மறக்கவும் கூடாது. ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும், கறை சொல்லிவிடும்.

"இப்போதைய வண்டிகளில் எல்லாவற்றுக்கும் சென்சார் இருக்கிறதே" என்பது மூன்றாவது வாதம். இருக்கிறது. பிளேடு சுழலும்போது சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜின் அணையும். லீவர் நடுநிலையில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் மேடுபள்ளத்தில் குதிக்கும்போது இன்ஜின் திக்கித் திணறும். அந்த எரிச்சலில் ஒயரை முறுக்கி சுவிட்சையே செத்ததாக்கிவிடும் கைவேலைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திக்குவது சுவிட்ச் தேய்ந்ததால் இருக்கலாம், சீட்டின் ஸ்பிரிங் தளர்ந்ததால் இருக்கலாம். பழுது பார்த்தால் தீரும். சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது ஒரு நிமிஷ வேலை: சமதளத்தில் பிளேடை ஓடவிட்டு, காலை மேடையிலிருந்து எடுக்காமல் சீட்டைவிட்டுச் சற்றே எழும்பிப் பாருங்கள். இன்ஜின் அணையாவிட்டால் அன்றைக்குப் புல் வெட்ட வேண்டாம். எல்லா சுவிட்சும் ஒழுங்காக இருந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் சீட்டில் இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியும். அந்த சீட் எந்தச் சரிவில் இருக்கிறது என்று தெரியாது.

பிளேடு பற்றி நீட்டி எழுத ஆசை, ஆனால் இங்கே தேவையானது கொஞ்சம்தான். அமெரிக்கத் தரநிர்ணயம் பிளேடின் முனைவேகத்துக்கு வைத்திருக்கும் வரம்பு நிமிஷத்துக்கு 19,000 அடி. கிலோமீட்டரில் மணிக்கு சுமார் 350. புல்லில் கிடக்கும் ஒரு ஆணி, ஒரு கூழாங்கல் அந்த வேகத்தில்தான் அடிவாங்கி வெளியே பறக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மடல் புல் விழுகிற இடத்தைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். டெக்குக்கு அடியில் கைவைக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கழற்ற வேண்டும். பேட்டரி வண்டியானால் சாவியோடு பேட்டரி இணைப்பையும். இன்ஜின் செத்திருந்தாலும் ஆபத்து முழுசாகப் போய்விடாது: பிளேடுகள் பொதுவாக ஒரே பெல்ட்டில் கோக்கப்பட்டவை, ஒன்றின் நட்டைக் கழற்ற முறுக்கினால் மற்றவையும் சேர்ந்து திரும்பும். டெக்கைத் தூக்கும் லீவரை நம்பியோ வெறும் ஜாக்கை நம்பியோ அடியில் போகக் கூடாது, ஜாக் ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் கல் திடீரென்று நொறுங்கும், அது ஸ்டாண்டு ஆகாது. தீட்டிய பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஒரு முனை தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். கிடையாக நின்றால் சமன். சமன் இல்லாத பிளேடு வண்டியை நடுங்கவைக்கும், ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்னும். வளைந்த பிளேடைச் சுத்தியால் தட்டி நிமிர்த்துவது சேமிப்பு ஆகாது, குப்பையில் போடுங்கள்.

ரோல் பார் விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது, அதை விளக்காமல் விட்டால் ஆபத்து. சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்த இரும்பு வளைவு இருக்கிற வண்டியில் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும். கவிழும்போது உங்களை அந்த வளைவின் நிழலுக்குள் பிடித்துவைப்பது பெல்ட்தான். வளைவை மடக்கிவிட்டால், அல்லது வண்டியில் வளைவே இல்லாவிட்டால், பெல்ட் போடக் கூடாது. போட்டால் கவிழும் வண்டியோடு கட்டிப்போட்ட மாதிரி. மரக்கிளை இடிக்கிறது என்று வளைவை மடக்குகிறார்கள், கிளையைத் தாண்டிய பிறகு நிமிர்த்துவதில்லை, அப்படியே சரிவுக்குப் போகிறார்கள். வளைவு வேண்டாத தொந்தரவு என்பவர்களுக்கு டிராக்டரின் சரித்திரம் பதில் சொல்லும். புதிய டிராக்டர்களில் கவிழ்தடுப்புச் சட்டகம் கட்டாயம் என்று சுவீடன் 1959-லேயே விதி கொண்டுவந்தது, கவிழ்ந்து இறப்பவர்கள் எண்ணிக்கை அங்கே வெகுவாகச் சரிந்தது. ஓட்டுநர்கள் திடீரென்று சமர்த்தாகிவிட்டதால் வந்த மாற்றம் இல்லை அது. கிளையைத் தறிப்பது வளைவை மடக்குவதைவிட மலிவு.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. தாத்தா மடியில் பேரனை வைத்து ஒரு ரவுண்டு போவது அமெரிக்கக் கிராமப்புறங்களில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்த நம் தாத்தாக்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை. அந்த ஒரு ரவுண்டில் குழந்தை விழாமல் இருக்கலாம். ஆனால் இந்தச் சத்தம் கேட்டால் ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த சனிக்கிழமை ஓட்டுபவர் காதில் ஒலித்தடுப்பானோடு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்னாலிருந்து ஓடிவருவது அதே குழந்தைதான். ரைடிங் மோவரை ஓட்டக் குறைந்தபட்சம் 16 வயது ஆக வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி. பேட்டரியில் ஓடும் ஜீரோ டர்ன்களில் பெட்ரோல் ஆபத்து இல்லைதான். சத்தமும் குறைவு என்பதை, வண்டி வருவது குழந்தைக்குக் கேட்காமல் போகலாம் என்பதால், நான் முழு நன்மையாகக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்னால் "அப்போது வாங்கவே வேண்டாம் என்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். இல்லை. நம் ஊரில் புல் மாட்டுக்கு, வாசல் கோலத்துக்கு. இந்த வண்டிக்கு அங்கே வேலையில்லை. டெக்சாஸிலோ வட கரோலினாவிலோ ஒரு ஏக்கரோடு வீடு வாங்கிவிட்டு, புல் வளர்ந்துவிட்டது என்று வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. நிலம் தட்டையாக இருந்து, மரமும் பூப்பாத்தியும் நிறைய இருந்தால் இதைவிட நல்ல வண்டி இல்லை. மற்ற வண்டியில் திரும்பத் திரும்பப் பின்னால் எடுத்து வெட்டும் இடங்களை இது ஒரே வீச்சில் முடிக்கும், பின்னால் எடுப்பது குறைந்தால் ஆபத்தும் குறையும். பலகை 13 அங்குலம் காட்டும் தோட்டமானால் டிராக்டர் வகையையும் நடந்து ஓட்டும் வகையையும் விசாரியுங்கள், அல்லது அந்தச் சரிவில் புல்லுக்குப் பதில் வேறு செடி வையுங்கள். முன் சக்கரங்களையும் ஸ்டியரிங்கால் திருப்பும் ஜீரோ டர்ன்களும் சந்தையில் உண்டு. அவை சரிவில் சற்று மேல். விலை அதற்கேற்ப.

தோட்டம் முழுக்கத் தட்டை, எனக்கு இந்தச் சரிவுப் பேச்சு எதற்கு என்பவர்களுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி: வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுபோக டிரெய்லரில் ஏற்றும் சாய்பலகை. பலருடைய வண்டி வாழ்க்கையில் சந்திக்கும் மிகச் செங்குத்தான சரிவு அதுதான், அதுவும் வழவழப்பான உலோகம். டிரெய்லர் தளத்தின் உயரத்தைப் போலக் குறைந்தது நான்கு மடங்கு நீளம் பலகைக்கு இருக்க வேண்டும்; அப்போதுதான் சாய்வு 15 டிகிரிக்குள் அடங்கும். இரண்டு அடி உயரத் தளத்துக்கு எட்டு அடிப் பலகை. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ஒல்லிப் பலகைகள் வேண்டாம், முழு அகலப் பலகையாக இருக்கட்டும். ஏற்றும்போது பின்பக்கமாக ஏற்ற வேண்டும், இறக்கும்போது முன்பக்கமாக. எடைமிக்க இன்ஜின் எப்போதும் மேட்டுப் பக்கம் இருந்தால் முன் சக்கரம் தூக்கி மல்லாக்க விழாது. ஏறும் வழியில் நின்று மறுபடி கிளம்பக் கூடாது, திடீர்த் திருப்பமும் கூடாது. ஏறி முடித்ததும் பார்க்கிங் பிரேக், சாவி, நான்கு மூலையிலும் பட்டை. பைபாஸ் லீவர்கள் மூடியிருக்கின்றனவா என்று ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.